குட்டியை வீசியது யார்?

பெண்ணுக்கு நேர்ந்தால் 'கரு கலைந்தது' என்கிறோம். ஆட்டுக்கு நேர்ந்தால் 'ஆடு குட்டி வீசிவிட்டது' என்கிறோம். முதல் தொடரில் எழுவாய் கரு. அது தானே கலைகிறது, யாரும் கலைக்கவில்லை. இரண்டாவதில் எழுவாய் ஆடு, குட்டி செயப்படுபொருள். ஆடு ஏதோ வேண்டாத பொருளைத் தூக்கி எறிந்துவிட்டதைப் போன்ற வாக்கியம். கரிசல் நாட்டு மேய்ச்சல்காரர்களின் நோய்ப் பெயர்களை முனைவர் பட்டத்திற்காகத் தொகுத்துவருகிறேன். அந்தத் தொகுப்பில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த சொல் இந்த 'வீசுதல்'தான்.

சயானில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாங்லி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு மாவ்ஷி இருக்கிறார். ஊரில் மாடு வளர்த்தவர். உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'காய் காபட்லீ' என்றார். 'காப்' என்பது கர்ப்பம் என்னும் சொல்லின் மருஉ. அந்தச் சொல்லிலிருந்தே வினை பிறந்திருக்கிறது. மராத்தியில் பசு எதையும் எறிவதில்லை. பசுவுக்கு ஒன்று நேர்கிறது, அவ்வளவே. எந்த மொழியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஆனால் ஒரு வினைச்சொல் எப்படி விசாரணையை முடித்துவைக்கிறது என்பதை என் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தவள் நான். இந்த நீண்ட பதிவு அதைப் பற்றியது.

சித்தப்பா விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் செம்மறி வைத்திருக்கிறார். வேம்பூர் இனம், வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு புரட்டாசியில் ஆடுகள் கிடாய்க்குச் சேர்ந்தன. ஐப்பசிக் கடைசியில் அடைமழை. கார்த்திகையில் ஏழெட்டு ஆடுகளுக்கு மூக்கு ஒழுகி, உதடு வீங்கி, கால் நொண்டியது. ஒன்று செத்தது. மற்றவை பத்துப் பதினைந்து நாளில் தேறிவிட்டன. எல்லாரும் அதை மறந்தும் விட்டார்கள்.

மாசியில் குட்டிகள் வந்தன. முன்னதாகவே இரண்டு ஆடுகள் வீசியிருந்தன. பிறந்தவற்றுள் ஐந்து குட்டிகள் வேறு மாதிரி இருந்தன. கால் நான்கும் சரி, உடம்பு சரி, மூச்சு சரி. ஆனால் எழுந்து நின்றால் தொழுவத்துச் சுவரில் நெற்றியை முட்டியபடியே நின்றன; நகர்த்திவிட்டால் ஒரே பக்கமாகச் சுற்றின. தாயின் மடி எங்கே என்று தேடவில்லை. காம்பை வாயில் வைத்தால் சப்பின. எடுத்துவிட்டால் தேடத் தெரியவில்லை. சித்தி புட்டியில் பால் கொடுத்து ஒன்பது நாள் பார்த்தார். ஐந்தும் போயின.

ஊர் இரண்டு விளக்கங்களை வைத்திருந்தது. ஒன்று, அந்த ஆடுகள் ராசியில்லாதவை. மற்றொன்று, ஆடு ஈனும்போது பக்கத்திலிருந்து குட்டியை வாங்கிய சித்தியின் கைக்கு ராசியில்லை. இரண்டாவது விளக்கத்தைச் சித்தப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த ஈத்துக்கு அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டார், அதுவே சொன்னதுதான். முதல் விளக்கத்தின்படி, குட்டி இழந்த ஏழு ஆடுகளும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போயின. கறி விலைக்குக்கூடப் போகவில்லை என்று பிறகு அறிந்தேன். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். 'கன்று வீச்சு நோயாக இருக்கும், வீசிய ஆடுகளைக் கழித்துவிடுங்கள்' என்று பதில் வந்திருக்கிறது. துண்டறிக்கைகளில் கன்று வீச்சு நோய் என்பது புருசெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. வீசியது என்று சொன்னதும் வீச்சு நோய் என்ற பெயர் தயாராக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுவரில் முட்டி நின்ற ஐந்து குட்டிகளுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

இனி வைரஸ்.

செம்மறிக்கு மழைக்காலத்தில் வரும் நீலநாக்கு நோயைத் தென்மாவட்டத்தார் பலரும் அறிவர், பெயர் தெரியாவிட்டாலும். நாக்கு எப்போதும் நீலமாவதில்லை. பெயர் சற்று மிகை. இது தொட்டு ஒட்டும் நோயன்று. கொசுவைவிடச் சிறிய, சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும் கியூலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு வைரஸைக் கொண்டுசெல்கிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது நான் இப்போது வாழும் மகாராஷ்டிரத்தில்தான், 1964இல். ஆனால் அது நிலையாகக் குடியேறியது தெற்கில்: ஆந்திரம், தெலங்கானா, கருநாடகம், தமிழ்நாடு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூச்சி பெருகும். பின்னாலேயே நோய் வரும். 1997-98இல் தமிழகச் செம்மறிகளை அது கடுமையாகத் தாக்கியது.

இதுவரை சொன்னது தாயின் நோய். கருவின் நோய் வேறு கதை, அதன் நாள்காட்டியும் வேறு. 1950களில் கலிபோர்னியாவில், நீலநாக்குக்கு எதிராகக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து வலுக் குறைத்த உயிருள்ள தடுப்பூசியைச் சினை ஆடுகளுக்குப் போட்டார்கள். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறந்த குட்டிகளில் சில மந்தமாக, திசையற்று நின்றன. ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பொம்மைக் குட்டிகள் என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. 1971இல் அதே மாநிலத்து ஆய்வாளர்கள் கருக்களில் நேரடியாக வைரஸைச் செலுத்தி, எந்த நாளில் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். 50 முதல் 58ஆம் நாளுக்குள் வைரஸ் புகுந்த கருவில் பெருமூளை உருவாகாமலே அழிந்து, மண்டையோட்டுக்குள் நீர்ப்பை மட்டும் எஞ்சியது. 75ஆம் நாளை ஒட்டிப் புகுந்தபோது மூளையில் அங்கங்கே குழிகள். 100ஆம் நாளில் புகுந்தபோது லேசான அழற்சி. குட்டி ஏறக்குறைய நலமாகப் பிறந்தது. வைரஸ் ஒன்றேதான். வேறுபட்டது நாள்.

புரட்டாசி நடுவில் சினைப்பட்ட ஆட்டுக்குக் கார்த்திகை முதல் வாரத்தில் எத்தனையாவது நாள் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பெருமூளை இல்லாவிட்டாலும் மூளையின் அடித்தண்டு இருப்பதால் குட்டி மூச்சுவிடும், வாயில் வைத்தால் சப்பும், தேடத்தான் தெரியாது. சித்தி சொன்ன ஒவ்வொரு குறியும் பொருந்துகிறது. பொருந்துவது சான்றாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதே வகையில் கருவைத் தாக்கும் வைரஸ்கள் வேறும் உண்டு. 1959இல் ஜப்பானின் அகபானே என்ற ஊரில் கண்டறியப்பட்டு, 1972 முதல் 1975 வரை அந்நாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளைக் குறைப்பட்டுப் பிறக்கவும் மூட்டு முறுக்கிப் பிறக்கவும் செய்த வைரஸ் ஒன்று. 2011இல் ஜெர்மனியின் ஷ்மாலன்பெர்க் நகரத்தின் பெயரைப் பெற்ற வைரஸ் மற்றொன்று. (நோய்க்கு ஊரின் பெயரை வைப்பதை அந்த ஊரார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது என் துறைக்குரிய தனிக் கேள்வி.) எல்லாவற்றையும் பூச்சிகளே சுமக்கின்றன. எதுவென்று அறிய இரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூட எடுக்கப்படவில்லை.

எடுத்திருந்தால் எப்போது எடுத்திருக்க வேண்டும்? இந்த இடம் என்னை மிகவும் வியக்கவைத்தது. மனிதத் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. ஆடு மாடுகளில் அப்படியன்று. அவற்றின் நஞ்சுக்கொடி தடிமனானது. தாயின் எதிர்ப்பொருள்கள் அதைக் கடப்பதில்லை. எனவே கன்றும் குட்டியும் தாயின் காப்பு எதுவும் இன்றியே பிறக்கின்றன. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் வருகிறது. மும்பையில் தாதர், மாட்டுங்கா பக்கத்துப் பால்கடைகளில் 'கர்வஸ்' என்று துண்டு போட்டு விற்கிறார்களே, ஏலக்காயும் வெல்லமும் சேர்த்து, அது அந்தச் சீம்பால்தான். அதை வாங்கித் தின்னும்போது கன்றின் பங்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நான் நாள்தோறும் கடந்துபோகும் சயான் மருத்துவமனையில்தான் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. அங்கே குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகூடத் தாயின் எதிர்ப்பொருளில் ஓரளவையாவது கருவறையிலேயே பெற்றுக்கொண்டு வருகிறது. செம்மறிக் குட்டிக்கு அதுவும் இல்லை.

ஆக, சீம்பால் குடிக்கும் முன் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது தாயுடையதாக இருக்க முடியாது. வயிற்றுக்குள் இருந்தபோதே வைரஸைச் சந்தித்து, குட்டி தானே உண்டாக்கியது அது. தாயின் காப்பு கடக்க முடியாத சுவரை வைரஸ் கடந்து வந்ததற்கு அதுவே கையெழுத்து. முதல் வாய்ப் பால் உள்ளே போய்விட்டால் அந்தக் கையெழுத்து கலங்கிவிடும்.

வைரஸ் இந்தச் சுவரைக் கடப்பதை அறிஞர்கள் நெடுங்காலம் தடுப்பூசி வைரஸ்களின் தனிக் குணமாகவே கருதினார்கள். கோழி முட்டையிலும் ஆய்வகச் செல்களிலும் பழகியவை மட்டுமே அப்படிச் செய்யும் என்று. 2006இல் நெதர்லாந்தில் தொடங்கி ஐரோப்பா முழுதும் பரவிய நீலநாக்கின் 8ஆம் வகை அந்த எண்ணத்தை மாற்றியது. 2008 தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குச் சினைக் கிடேரிகள் சில இறக்குமதியாயின. அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது, வைரஸ் இல்லை. அதாவது நோய் வந்து போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று பொருள். பூச்சி பறக்காத குளிர்காலம் வேறு. ஆனால் அவை ஈன்ற கன்றுகளில் சிலவற்றின் இரத்தத்தில் வைரஸ் இருந்தது. எல்லைச் சாவடியில் பரிசோதித்தது தாயை. கடந்து வந்ததோ தாயின் உள்ளே இருந்தது.

இங்கே இலக்கணத்துக்கு ஒரு நடை போய்வர அனுமதியுங்கள். 'சினை' என்ற சொல்லைத் தமிழ்ப் பேரகராதியில் பாருங்கள். விலங்கின் கரு, முட்டை, மரக்கிளை, உறுப்பு எல்லாம் அதே சொல். நன்னூலார் பெயர்ச்சொல்லை ஆறாக வகுக்கும்போது பொருள், இடம், காலம் ஆகியவற்றுக்கு அடுத்துச் சினையை வைக்கிறார்; அங்கே அது ஒரு முழுப்பொருளின் பகுதி. 'கால் ஒடிந்து விழுந்தான்' என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தது அவன்; ஆனால் வாக்கியம் வழுவன்று. சினையின் வினை முதலின் வினையோடு சேர்ந்து முடியலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. உறுப்புக்கு நேர்ந்ததை முழுமையின் கணக்கில் எழுதுவது நம் மொழிக்கு இயல்பு. குட்டிக்கு நேர்ந்ததை ஆட்டின் செயலாகச் சொல்வதும் அந்த வழியில் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. இதை நிறுவிவிட்டதாக உரிமை கொண்டாடமாட்டேன். என் நெறியாளர் இதைப் படிக்கக்கூடும்.

ஆனால் கரு உண்மையில் தாயின் சினையா? உடலியல் தயங்குகிறது. மாட்டுக்கு வரும் வைரஸ் கழிச்சல் நோய் ஒன்று உண்டு, பி.வி.டி. என்பார்கள். 1946இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. இந்திய மாடுகளிலும் இருக்கிறது. வளர்ந்த மாட்டுக்கு அது பெரும்பாலும் சில நாள் கழிச்சலோடு போய்விடும். ஆனால் பசுவின் சினைக்காலத்தில் ஏறக்குறைய 40ஆம் நாளுக்கும் 120ஆம் நாளுக்கும் இடையில் அது கருவை அடைந்தால் நடப்பது விந்தையானது. அந்த நாள்களில்தான் கருவின் நோய்த்தடுப்பு அமைப்பு 'இது நான், இது நானன்று' என்ற பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் வைரஸையும் 'நான்' என்ற பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. கன்று பிழைத்துப் பிறந்தால் வாழ்நாள் முழுதும் அந்த வைரஸை எதிர்ப்பதில்லை. மூச்சிலும் எச்சிலும் சாணத்திலும் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பார்வைக்கு நலமான கன்றாகக்கூட இருக்கலாம். மந்தையில் நோய் ஓயாததற்கு இத்தகைய ஒரு மாடே போதும்.

இந்த 'நான்–நானன்று' அறிவே மாட்டுக் கருவறையில் பிறந்தது என்று சொன்னாலும் மிகையாகாது. 1945இல் ரே ஓவன், நஞ்சுக்கொடி இணைந்து வளரும் இரட்டைக் கன்றுகள் ஒன்றின் இரத்த அணுக்களை மற்றொன்று வாழ்நாள் முழுதும் தாங்குவதைக் கண்டார். பிறகு மெடவார் குழுவினர் அத்தகைய கன்றுகள் ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்பதைக் காட்டினார்கள். பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் 1960இல் நோபல் கிடைத்தது இந்த வழியில்தான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகள் 1990களில் பி.வி.டி.யை ஒழிக்க முனைந்தபோது, தடுப்பூசியை நம்பாமல் அந்த நிலையான சுமப்பாளிகளைத் தேடி நீக்கின. சுவிட்சர்லாந்து 2008 முதல், பிறக்கும் கன்றின் காதில் அடையாள வில்லை குத்தும்போதே துணுக்குத் தசை எடுத்துச் சோதித்தது. அந்தத் துணுக்கு இன்றைய நோயைச் சொல்வதில்லை. ஆறேழு மாதத்துக்கு முன் கருவறையில் நடந்ததைச் சொல்கிறது.

எட்டயபுரம் சந்தைக்குப் போன ஏழு ஆடுகளிடம் திரும்புகிறேன். என் மனம் ஆறாதது அவற்றைக் குறித்துத்தான். நீலநாக்கு வந்து தேறிய ஆட்டுக்கு, அந்த வகை வைரஸுக்கு எதிராக நீண்ட காலம் நிற்கும் எதிர்ப்பு இருக்கும். அது நீலநாக்குத்தான் என்றால், அந்த மந்தையிலேயே அடுத்த மழைக்கு அஞ்ச வேண்டாத ஆடுகள் அவைதாம். அடுத்த ஈத்தில் நல்ல குட்டி போட்டிருக்கக்கூடியவை. ராசியில்லாதவை என்று அவற்றைக் கழித்துவிட்டு, அந்த வைரஸைப் பார்த்தே இராத ஆடுகளைச் சித்தப்பா கூடுதல் விலைக்கு வாங்கினார். அடுத்த கார்த்திகையில் புது ஆடுகளின் உதடு வீங்கியது. புருசெல்லா என்றால் கழிப்பது சரியான அறிவுரை. மருத்துவர்மேல் குறை சொல்ல நான் எழுதவில்லை. கேட்ட கேள்வி 'வீசியதா?' என்பது மட்டுமே. 'மழைக்குப் பின் எந்த ஆடு நொண்டியது, அப்போது அதற்கு எத்தனை நாள் சினை?' என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கணக்கு மேய்ச்சல்காரர்களிடம் இல்லாமல் இல்லை. எந்த ஆடு எந்தக் கிழமையில் பயிரானது என்பதைச் சித்தப்பா நினைவிலிருந்தே சொல்வார். நோய் வந்த நாளும் தெரியும், மழையை வைத்து. இரண்டு கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்கு யாரும் சொன்னதில்லை. காரணம் கார்த்திகையில், விளைவு மாசியில். நடுவில் தை, பொங்கல் எல்லாம் வந்துபோய்விடுகின்றன.

மனிதருக்கும் இது புதிதன்று. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் பழைய மாதங்களைப் பற்றிக் கேட்டதால்தான் ருபெல்லா அம்மை கருவைக் கெடுக்கும் என்று தெரியவந்தது. நம் நாட்டில் அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017இல் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதுவரை எத்தனை தாய்மார் கிரகணத்தின் பெயரால் குற்றம் சுமந்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

நீலநாக்குக்கு இந்தியாவில் இப்போது ஐந்து வகை வைரஸ்களை உள்ளடக்கிய தடுப்பூசி இருக்கிறது. உயிரிழந்த வைரஸ் என்பதால் அது கருவில் போய்ப் பெருக வழியில்லை. கலிபோர்னியாவில் நடந்தது நடக்காது. மழைக்கு முன்பே போட்டாக வேண்டும், அதுதான் தந்திரம். சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் சொன்னேன். 'புரட்டாசி பொறக்கட்டும் தாயி, பார்ப்போம்' என்றார். சித்தி குறுக்கிட்டு, 'பொறந்தப்புறம் பார்த்து என்னத்துக்கு? ஆவணியிலேயே போட்டுரணும்னுதான அவ சொல்லுதா' என்றார். ஆவணியில் போட்டார்கள்.

சித்தியிடம் இன்னொன்றும் கேட்டேன். இனி குட்டி செத்துப் பிறந்தால் உடனே புதைத்துவிட வேண்டாம். அது பால் குடித்திராது, எனவே அதன் உடம்பில் இருப்பது கலப்பில்லாத சான்று. பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று. 'ஐஸ் பெட்டியிலயா? உங்க சித்தப்பா என்னையும் சேத்து வீசிப்போடுவாரு' என்று சிரித்தார். ஆனால் மறுநாள் மீன்காரரிடம் பழைய தெர்மக்கோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பரணில் ஏற்றிவைத்தார்.

பேரனின் பாதி எழுதிய கணக்கு நோட்டு ஒன்றிலும் இப்போது எழுதிவருகிறார். என் ஆய்வுக்குச் சொல் வேண்டும் என்று நான் கேட்டதற்காகத் தொடங்கியது. ஆட்டின் பெயர், பயிரான நாள், நோவு வந்த நாள். நேற்று வாட்சாப்பில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடைசி வரி: 'கரும்பொட்டு. கார்த்திகை 9. உதடு வீக்கம் இல்லை, லேசா நொண்டுது. சினை 52 நாள்.'